பினாங்கிலிருந்து வானத்தைப் படம் எடுக்க: கருவிகளை எந்த வரிசையில் வாங்குவது?

போன டிசம்பர் விடுமுறைக்கு ஈப்போவிலிருந்து அக்கா மகன் வந்திருந்தான். என் கைப்பேசியில் ஓரியன் நெபுலா என்ற விண்வெளி வாயு மேகத்தின் படத்தைப் பார்த்ததும், "மாமா, இப்படி எடுக்க எந்த டெலஸ்கோப் வாங்கணும்?" என்றான். "டெலஸ்கோப்பே இல்லடா, பழைய கேமராவும் 135 மி.மீ. லென்சும்தான்" என்றேன். அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. அன்று ராத்திரியே குளுகோரில் எங்கள் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிட மேல்தளத்துக்கு அவனைக் கூட்டிப்போய் ஒவ்வொன்றாகக் காட்டினேன். அவனிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிட வேண்டும். இந்தத் துறைக்கு இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகள் பெரும்பாலும் ஐரோப்பாவிலோ வட அமெரிக்காவிலோ இருப்பவர்கள் எழுதியவை. அவர்கள் பூமத்திய ரேகைக்கு 40, 50 பாகை வடக்கே நிற்கிறார்கள். பினாங்கு இருப்பது 5.4 பாகையில், கோலாலம்பூர் 3 பாகையில். எந்தப் பொருளை வாங்குவது, எதை முதலில் வாங்குவது என்பதையே இந்த வித்தியாசம் மாற்றிவிடும். அவர்களுக்குப் பெரிய தலைவலியாக இருக்கும் சில விஷயங்கள் நமக்கு இல்லை. அவர்கள் யோசித்தே பார்க்காத சில தொல்லைகள் நமக்கு உண்டு.

முதல் படி: எதை எடுக்கப் போகிறீர்கள்?

வானத்தில் இரண்டு வகைப் பொருள்கள் இருக்கின்றன. நிலவும் கோள்களும் பிரகாசமானவை. ஆனால் கோள்கள் மிகச் சிறியவை: வியாழன் நமக்கு மிக அருகில் வரும்போதுகூட முழு நிலவின் அகலத்தில் ஏறத்தாழ 40-ல் ஒரு பங்குதான். அதற்கு நீண்ட குவியத் தூரம் வேண்டும் (லென்ஸில் மி.மீ. என்று போட்டிருக்கும் எண், அது கூடக் கூடப் பொருள் பெரிதாக விழும்), மிகக் குறைந்த நேரத்தில் எடுத்துவிடலாம்.

நெபுலாக்களும் விண்மீன் மண்டலங்களும் நேர் எதிர். ஓரியன் நெபுலா நிலவைவிட இரண்டு மடங்கு அகலம். ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலம் நிலவைப் போல் ஆறு மடங்கு நீளம். சிறியவை என்பதால் அவை கண்ணுக்குத் தெரியாமல் இல்லை, மங்கலானவை என்பதால் தெரியவில்லை. அவற்றுக்குப் பெரிதாக்கும் சக்தி தேவையில்லை, நேரம்தான் தேவை. பெட்டியில் "500 மடங்கு பெரிதாகத் தெரியும்" என்று அச்சடித்து விற்கும் டெலஸ்கோப்பை வாங்கி ஏமாறுகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். நம் சின்னப் பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் பரிசாக அதுதான் அதிகம் போகிறது. அதன் முக்காலி காற்றில் ஆடும், பிள்ளை ஒரு வாரத்தில் அலுத்துவிடும். தயவுசெய்து அதை வாங்காதீர்கள்.

இரண்டாம் படி: வீட்டில் இருப்பதை எடுங்கள்

எம் என்று போட்ட மேனுவல் நிலை இருக்கிற எந்தக் கேமராவும் போதும். பத்து வருடப் பழைய டிஎஸ்எல்ஆர் இருந்தால் தாராளமாகப் போதும். கேமரா இல்லையென்றால் கைப்பேசியின் இரவு நிலையில் தொடங்கலாம். கூகுள் பிக்சல் கைப்பேசிகளில் 2019-லிருந்து நட்சத்திரப் படத்துக்கென்றே ஒரு நிலை வருகிறது. ஆனால் எதை வைத்து எடுத்தாலும் கையில் பிடித்து எடுக்க முடியாது. ஆக, இந்தப் பொழுதுபோக்கில் நீங்கள் வாங்கும் முதல் பொருள் ஒரு நல்ல டிரைபாட். கால்கள் தடிமனாக, கொஞ்சம் கனமாக இருக்கட்டும். நடுத்தண்டை உயர்த்தாமல் பயன்படுத்துங்கள்.

அமைப்புகள் இவ்வளவுதான்: ரா கோப்பு (கேமரா திருத்தாத மூலப் படம்), ஐஎஸ்ஓ எனும் ஒளி உணர்திறன் 1600, லென்ஸின் துளை முழுவதும் திறந்து, ஆட்டோ ஃபோகஸ் நிறுத்தி. திரையில் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கி, அது ஊசி முனைபோல் சுருங்கும்வரை ஃபோகஸ் வளையத்தைத் திருப்புங்கள். ஷட்டரை விரலால் அழுத்தாமல் 2 விநாடி டைமர் வையுங்கள். அடுத்தடுத்துத் தானே எடுக்கும் இன்டர்வலோமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. நிறைய கேமராக்களில் அது உள்ளேயே இருக்கிறது.

எத்தனை விநாடி திறந்து வைக்கலாம்? பழைய கணக்கு ஒன்று இருக்கிறது: 500-ஐ லென்ஸின் குவியத் தூரத்தால் வகுங்கள். சிறிய சென்சார் கேமரா என்றால் குவியத் தூரத்தை முதலில் 1.5-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். 18 மி.மீ. லென்ஸுக்கு 18 விநாடி வரும், 50 மி.மீ. லென்ஸுக்கு 6 விநாடிக்குக் கொஞ்சம் மேலே. நான் அதிலும் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிடுவேன். காரணம் இருக்கிறது. துருவத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நட்சத்திரங்கள் மெதுவாக நகரும், வான நடுக்கோட்டில் இருப்பவை வேகமாக நகரும். நம் தலைக்கு மேலே போவதே அந்த நடுக்கோடுதான். ஓரியனின் இடுப்புப் பட்டை ஏறத்தாழ அதன்மேல்தான் இருக்கிறது. அங்கே நட்சத்திரம் விநாடிக்கு 15 விகலை (ஒரு விகலை என்பது ஒரு பாகையில் 3,600-ல் ஒரு பங்கு) ஓடுகிறது. 250 மி.மீ. லென்ஸில், 4 மைக்ரான் பிக்சலில், ஒவ்வொரு விநாடிக்கும் நான்கு ஐந்து பிக்சல் தாண்டிவிடும். சும்மா நிற்கும் டிரைபாட்டில் நீண்ட லென்ஸ் போட்டால் கோடு கோடாக விழுவது இதனால்தான்.

மூன்றாம் படி: உலர் பெட்டி

அடுத்த லென்ஸை வாங்கும் முன் இதை வாங்குங்கள். வெளிநாட்டு வழிகாட்டிகளில் இது கடைசிப் பக்கத்தில் இருக்கும், இல்லாமலும் போகும். நம் ஊரில் இதுதான் முன்னால் வர வேண்டும்.

என் முதல் நல்ல லென்ஸைக் கேமராப் பையிலேயே வைத்து அலமாரிக்குள் வைத்திருந்தேன். ஒரு மழைக்காலம் முழுக்க வானம் திறக்கவில்லை, நானும் அதை எடுக்கவில்லை. ஜனவரியில் எடுத்து விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், உள் கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. சுத்தம் செய்து கொடுத்தார்கள், ஆனால் கண்ணாடி மேல் பூச்சை அது தின்றிருந்தது. பிரகாசமான நட்சத்திரத்தைச் சுற்றி இன்றும் அந்த லென்ஸில் ஒரு மங்கல் வளையம் விழுகிறது. ஆறு மாதம் சேர்த்து வாங்கியது. இன்னும் அதை நினைத்தால் வருத்தம்தான்.

மின்சார உலர் அலமாரி கேமராக் கடைகளில் கிடைக்கும். ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் வையுங்கள். பணம் இடிக்கிறது என்றால், ரப்பர் விளிம்பு உள்ள காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி, சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு சின்ன ஈரப்பதமானி. இதுவும் வேலை செய்யும், ஜெல்லை மறக்காமல் காயவைத்தால்.

இதோடு சேர்ந்த இன்னொரு பழக்கம்: ஏர்கோன் போட்ட அறையிலிருந்து கேமராவை நேராக வெளியே கொண்டுபோகாதீர்கள். குளிர்ந்த கண்ணாடியில் வெளிக்காற்றின் ஈரம் அப்படியே படிந்துவிடும். பையை மூடியபடி அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுப் பிறகு திறங்கள். நள்ளிரவுக்குமேல் பனி இறங்கும்போது லென்ஸைச் சுற்றிக் கட்டும் யூஎஸ்பி சூடாக்கும் பட்டை ஒன்று தேவைப்படும். பவர் பேங்கிலேயே ஓடும், விலையும் குறைவு.

நான்காம் படி: டிராக்கர், அதாவது நகரும் மவுண்ட்

பணத்தை எங்கே கொட்டலாம் என்று கேட்டால் என் விரல் காட்டும் இடம் இதுதான். லென்ஸ் ஒளியைச் சேர்க்கிறது. ஆனால் பூமி சுழலும் வேகத்துக்கு எதிர்த்திசையில் கேமராவைத் திருப்பி, நட்சத்திரத்தை ஒரே பிக்சலில் நிறுத்தி வைப்பது மவுண்ட். சுமாரான லென்ஸும் நல்ல மவுண்டும் சேர்ந்தால் அழகான படம் வரும். அதை மாற்றிப் போட்டால் வராது.

தொடங்குகிறவர்களுக்கு ஸ்கை-வாட்சர் ஸ்டார் அட்வென்ச்சரர் போன்ற கையடக்க டிராக்கர் சரியாக இருக்கும். 5 கிலோ தாங்கும் என்று எழுதியிருப்பார்கள். நீங்கள் அதில் பாதியைத்தான் ஏற்ற வேண்டும். இது எந்த மவுண்டுக்கும் பொருந்தும்.

இனி நமக்கே உரிய சிக்கல். டிராக்கரின் அச்சு வானத் துருவத்தைப் பார்த்து நிற்க வேண்டும். வடக்கே இருப்பவர்கள் துருவ நட்சத்திரத்தைத் துளை வழியாகப் பார்த்து ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். ஒரு ஊரின் அகலாங்கு எவ்வளவோ அவ்வளவு உயரத்தில்தான் அந்த நட்சத்திரம் நிற்கும். பினாங்கில் அது அடிவானத்துக்கு மேலே வெறும் 5 பாகை. கையை நீட்டி மூன்று விரலைச் சேர்த்துப் பிடித்தால் அந்த உயரம். மலையும் கட்டடமும் புகைமூட்டமும் தாண்டி அதைப் பார்ப்பது அபூர்வம். எனக்கு ஒரு சில தடவைதான் கிடைத்திருக்கிறது.

அதனால் இப்படிச் செய்யுங்கள். முதலில் டிரைபாட்டை மட்டமாக நிறுத்துங்கள். கைப்பேசியின் கோணமானியை அச்சின் மேல் வைத்து 5.4 பாகை சாய்வு வையுங்கள். பிறகு திசைகாட்டியால் வடக்கைப் பாருங்கள். இங்கே நமக்கு ஒரு வசதி இருக்கிறது. காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் பினாங்கில் வித்தியாசம் ஒரு பாகைக்கும் குறைவு, திருத்தமே தேவையில்லை. ஆனால் காருக்கும் இரும்புக் கம்பிக்கும் பக்கத்தில் நின்று பார்த்தால் திசைகாட்டி பொய் சொல்லும், நாலடி தள்ளி நின்று பாருங்கள். 50 மி.மீ. வரைக்கும் இவ்வளவு போதும். 135 மி.மீ.க்கு மேலே போகும்போது கணினி உதவி வேண்டும். நினா என்ற இலவச மென்பொருள் வானத்தில் மூன்று இடத்தைப் படம் எடுத்து, நட்சத்திர வரைபடத்தோடு ஒப்பிட்டு, அச்சு எவ்வளவு விலகியிருக்கிறது என்று சொல்லிவிடும். துருவ நட்சத்திரம் தெரிய வேண்டியதே இல்லை. ஏஎஸ்ஐ-ஏர் என்ற சின்னப் பெட்டியும் இதையே செய்யும்.

பெரிய ஜெர்மன் வகை மவுண்ட் (ஒரு பக்கம் டெலஸ்கோப், மறு பக்கம் தண்டில் எதிர் எடை) வாங்கும் ஆசை வந்தால் கடைக்காரரிடம் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: "இது எத்தனை பாகை வரைக்கும் இறங்கும்?" சில மவுண்டுகள் 10, 15 பாகைக்குக் கீழே இறங்காது. இறங்கினாலும் அச்சு ஏறத்தாழ படுத்துவிடுவதால் எதிர் எடைத் தண்டு டிரைபாட் காலில் போய் இடிக்கும். நடுவில் ஒரு குட்டைத் தூண் போட்டு உயர்த்தினால் சரியாகும். இரண்டாம் கையாக வாங்குகிறவர்கள் மவுண்டை 5 பாகைக்குச் சாய்த்து, தண்டை ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்த்துவிட்டே பணம் கொடுங்கள்.

ஐந்தாம் படி: லென்ஸா, டெலஸ்கோப்பா?

டிராக்கர் வந்துவிட்டதா? அப்புறம் 135 மி.மீ. எஃப் 2 லென்ஸ் ஒன்று. சாம்யாங் நிறுவனத்தின் ஆட்டோ ஃபோகஸ் இல்லாத 135 மி.மீ. லென்ஸ் இந்தத் துறையில் உலகம் முழுக்கப் பேர் வாங்கியது. எஃப் எண் குறைந்தால் ஒளி வேகமாகச் சேரும்: எஃப் 4-இல் நாலு நிமிடம் எடுப்பதை எஃப் 2-இல் ஒரு நிமிடத்தில் எடுத்துவிடலாம். மேகத்துக்கு நடுவே இருபது நிமிடம் திறக்கும் நம் வானத்துக்கு இந்த வேகம் பெரிய உதவி. ஓரியனின் இடுப்பும் வாளும் ஒரே சட்டத்தில், அதாவது ஒரே ஃபிரேமில், அடங்கும்.

டெலஸ்கோப்தான் வேண்டும் என்றால் 60, 70 மி.மீ. துளையுள்ள சிறிய அப்போக்ரோமாட் வகை. சாதாரண லென்ஸ் டெலஸ்கோப்பில் நட்சத்திரத்தைச் சுற்றி ஊதா விளிம்பு விழும், இதில் விழாது. சட்டத்தின் மூலைகளில் நட்சத்திரங்கள் நீளாமல் இருக்க ஃபீல்ட் ஃபிளாட்னர் என்ற துணைக் கண்ணாடி தேவை. சிலவற்றில் உள்ளேயே வரும், கேட்டு வாங்குங்கள்.

ஆறாம் படி: கோள்களுக்கு வேறு பாதை

நகர வெளிச்சத்துக்கு நடுவே, பால்கனி மட்டுமே இருக்கிறவர்களுக்கு நான் மனதாரச் சொல்லும் வழி இதுதான். ஜார்ஜ்டவுனிலும் கோலாலம்பூரிலும் வானம் எவ்வளவு வெளுத்திருந்தாலும் கோள்களுக்கு அதனால் கெடுதி இல்லை. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதன் முழு லாபமும் இங்கே கிடைக்கும். பினாங்கில் வியாழனும் சனியும் உச்சிக்கு வரும்போது எந்த வருடமானாலும் 60 பாகைக்குக் கீழே இறங்குவதே இல்லை. 2019, 2020-இல் லண்டனில் வியாழன் 15 பாகை உயரம்தான் ஏறியது, கலங்கிய காற்றின் வழியாகத்தான் அவர்கள் பார்க்க வேண்டியிருந்தது. நமக்கோ தலைக்கு மேலே, காற்றின் மெல்லிய பகுதி வழியாக. 2006-இல் வியாழனின் இரண்டாவது பெரிய புள்ளி சிவப்பாக மாறிவிட்டதை முதலில் கவனித்தவர் பிலிப்பைன்ஸின் செபுவில் இருக்கும் கிறிஸ்டோஃபர் கோ என்ற அமெச்சூர். செபுவும் நம்மைப் போல வெப்பமண்டல ஊர்தான், 10 பாகை வடக்கே.

இதற்கு 127 மி.மீ. மக்சுடோவ் வகை டெலஸ்கோப் நல்ல தொடக்கம். குவியத் தூரம் 1500 மி.மீ., ஆனால் குழாய் கை நீளம்கூட இல்லை, உலர் பெட்டிக்குள் வைத்துவிடலாம். தானே பின்தொடரும் எளிய மவுண்ட் போதும், துருவச் சீரமைப்பு வேண்டாம். யூஎஸ்பி கோள் கேமராவில் இரண்டு மூன்று நிமிடம் வீடியோ எடுங்கள். அதற்குமேல் போனால் வியாழன் சுழன்றுவிடும், அதன் ஒரு நாள் பத்து மணி நேரம்கூட இல்லை. ஆயிரக்கணக்கான சட்டங்களில் தெளிவானவற்றை ஆட்டோஸ்டாக்கர்ட் என்ற இலவச மென்பொருள் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கித் தரும். பக்கத்து வீட்டு ஏர்கோன் வெளிப்பெட்டிக்கு மேலாக மட்டும் குறி பார்க்காதீர்கள், அந்தச் சூட்டில் கோள் தண்ணீருக்குள் கிடப்பதுபோல் நடுங்கும். சூரியன் பக்கம் எந்தக் கருவியையும் முன்பக்கச் சூரிய ஃபில்டர் இல்லாமல் திருப்பவே கூடாது. கண் போய்விடும்.

எல்லாம் ஒன்றாக வரும் ஸ்மார்ட் டெலஸ்கோப்

2023-இல் வந்த சீஸ்டார் எஸ்50 போன்றவை பலரை இந்தப் பக்கம் இழுத்து வந்திருக்கின்றன. 50 மி.மீ. துளை, கேமரா, மவுண்ட், கணினி எல்லாம் ஒரே பெட்டியில். கைப்பேசியில் பெயரைத் தட்டினால் தானே தேடி, எடுத்து, அடுக்கிக் காட்டும். வேலைக்குப் போய்வந்து அலுத்திருக்கிறவர்களுக்கும், வயதானவர்களுக்கும், பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்க நினைப்பவர்களுக்கும் தயங்காமல் இதையே சொல்கிறேன். ஒரு குறிப்பு மட்டும்: இவை மேலும் கீழும், இடமும் வலமும் திரும்பும் வகை. பொருள் தலைக்கு நேர் மேலே வரும்போது படம் வேகமாகச் சுழன்று ஓரங்கள் வீணாகும். நமக்குப் பல பொருள்கள் நேர் மேலேதான் வருகின்றன. ஆகவே கிழக்கிலோ மேற்கிலோ 30 முதல் 60 பாகை உயரத்தில் இருக்கும்போது எடுங்கள். கிழக்கு மேற்குத் திசையில் நம் ஊரில் இந்தச் சுழற்சி மிகக் குறைவு.

பிறகு யோசிக்க வேண்டியவை

குளிரூட்டிய வானியல் கேமரா, இரட்டைப் பட்டை ஃபில்டர் (நெபுலா வாயு வெளிவிடும் இரண்டு நிற ஒளியை மட்டும் உள்ளே விடும் கண்ணாடி) இரண்டையும் முதல் வருடம் முடியும்வரை தள்ளிவையுங்கள். நம் ராத்திரிச் சூட்டில் சென்சாரின் இரைச்சல் (படத்தில் விழும் புள்ளிப் புள்ளியான கறை) அதிகம் என்பது உண்மைதான், 6 பாகை கூடினாலே அது ஏறத்தாழ இரண்டு மடங்காகும். அதைப் பெருமளவு சமாளிக்க மூடியைப் போட்டு அதே நேர அளவில் இருபது 'டார்க்' படங்கள் எடுத்தால் போதும், செலவே இல்லை. ஃபில்டர் தெருவிளக்கு வெளிச்சத்தை நிறையக் குறைக்கும், ஆனால் சிவந்த வாயு நெபுலாக்களுக்கு மட்டும். ஆண்ட்ரோமெடாவுக்கு அதனால் பயனில்லை.

எங்கே, எப்போது?

தீவின் கிழக்குப் பக்கம் முழுக்க வெளிச்சம். மேற்கே பாலிக் புலாவ், பந்தாய் ஆச்சே பக்கம் போனால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். பிறை பார்க்கும் ஷேக் தாஹிர் வானியல் மையமும் பந்தாய் ஆச்சேயில்தான் இருக்கிறது. தெற்குக் கடலைப் பார்க்க கெர்த்தாக் சங்குல். தனியாகப் போகாதீர்கள், கொசுவர்த்தியும் சிவப்பு விளக்கும் எடுத்துக்கொள்ளுங்கள், கடற்காற்று பட்ட கருவிகளை வீட்டுக்கு வந்ததும் துடைத்துவிடுங்கள்.

வானம் அதிகம் திறப்பது டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. அப்போது கார்த்திகையும் ரோகிணியும் திருவாதிரையும் மேலே நிற்கும், தெற்கே அகத்தியர். தைப்பூசத்தன்று பௌர்ணமியாக இருக்கும், அந்த வாரம் நெபுலாவை விட்டுவிட்டு நிலவை எடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் தென்சிலுவை 25 பாகை உயரம் ஏறும், ஒமேகா சென்டாரி அதற்கும் மேலே. லண்டனில் இருப்பவருக்கு இவை இரண்டும் நாட்டை விட்டுத் தெற்கே வந்தால்தான் தெரியும். பால்வழியின் மையம் மூல நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, ஜூன் ஜூலையில் அதுதான் விருந்து, சுமத்ராப் புகைமூட்டம் வராமல் இருந்தால். செப்டம்பர், அக்டோபர் மழைக்கு விட்டுவிடுங்கள்.

கடைசிப் படி: அடுக்குதல்

ஒரு படம் போதாது. நூறு படங்களை அடுக்கினால் இரைச்சல் பத்தில் ஒரு பங்காகக் குறையும். டீப்ஸ்கைஸ்டாக்கர், சிரில் இரண்டும் இலவசம். எடுத்த படங்களையும் டார்க் படங்களையும் கொடுத்தால் மென்பொருள் நட்சத்திரங்களைப் பொருத்தி ஒன்றாக்கும். வெள்ளை டி-ஷர்ட்டை லென்ஸ் மேல் இழுத்துப் பிடித்து, வெளிச்சமான வானத்தைப் பார்த்து எடுக்கும் 'ஃபிளாட்' படங்களையும் சேர்த்தால் மூலை இருட்டும் தூசிப் புள்ளிகளும் மறையும். முதலில் வரும் படம் கறுப்பாக இருக்கும், பயப்படாதீர்கள். மென்பொருளில் பிரகாசத்தைக் கூட்டும் கர்வ்ஸ் கருவியால் மெதுவாக இழுத்தால் உள்ளே இருப்பது வெளியே வரும்.

அன்று மேல்தளத்தில் அக்கா மகனிடம் டிராக்கரைக் கொடுக்கவில்லை. டிரைபாட், பழைய கேமரா, 50 மி.மீ. லென்ஸ், நாலு விநாடி வீதம் 120 படங்கள். மொத்தம் எட்டு நிமிட ஒளி. சுற்றிலும் பாலத்து விளக்கும் பட்டர்வொர்த் வெளிச்சமும். காலையில் சிரிலில் அடுக்கி, கர்வ்ஸை இழுக்கச் சொன்னேன். ஓரியனின் வாளில் நடுவே ஒரு சிறு இளஞ்சிவப்புப் புகை எழுந்து வந்தது. "மாமா, இது அதேதானா?" என்றான். அதேதான் என்றேன். அங்கிருந்து புறப்பட்டு 1,300 வருடத்துக்கு மேல் பயணம் செய்து வந்த ஒளி என்றும் சொன்னேன். அவன் பதில் சொல்லவில்லை, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தான்.